கணியம்பாடியின் பத்தாண்டுக் கணக்கு: வளரிளம் பருவத்து மனச்சோர்வும் தற்கொலை ஆபத்தும்

2004ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இரண்டு பக்கத்தைத் தாண்டாத ஒரு கட்டுரை வெளிவந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ரீட்டா ஆரோனும் அவருடைய சக ஆய்வாளர்களும் எழுதிய அந்தக் கட்டுரை, கணியம்பாடி ஒன்றியத்தில் 1992 முதல் 2001 வரை, 10 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களிடையே நேர்ந்த தற்கொலை மரணங்களைக் கணக்கிட்டிருந்தது. ஆண்டுக்குச் சராசரியாக ஆண் பிள்ளைகளில் லட்சத்துக்கு 58 பேரும், பெண் பிள்ளைகளில் லட்சத்துக்கு 148 பேரும் தற்கொலையால் இறந்திருந்தார்கள். அந்த வயதில் நேர்ந்த ஆண்களின் மரணங்களில் ஏறத்தாழ கால் பங்கு தற்கொலை. பெண்களின் மரணங்களிலோ பாதி முதல் முக்கால் பங்கு வரை தற்கொலை. அதே காலத்தில், காவல்துறைப் பதிவுகளைக் கொண்டு எல்லா வயதினருக்கும் சேர்த்து இந்தியா முழுமைக்கும் சொல்லப்பட்ட விகிதம் லட்சத்துக்கு 10, 11 என்ற அளவில்தான் இருந்தது.

இதை ஒரு நிகழ்வாக எடுத்து ஆராய்வதற்குக் காரணம் எண்களின் கொடுமை மட்டுமல்ல. வளரிளம் பருவத்தில் மனச்சோர்வுக்கும் தற்கொலைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி மருத்துவ நூல்கள் சொல்லும் பாடம் இந்த ஒன்றியத்தில் அப்படியே பொருந்தவில்லை. மேற்கத்திய ஆய்வுகள், தற்கொலையால் இறந்த இளையோரில் மிகப் பெரும்பாலோருக்கு முன்பே மனநோய் இருந்தது, அதிலும் மனச்சோர்வே முதலிடத்தில் இருந்தது என்று காட்டின. கணியம்பாடியில் பின்னர் நடந்த ஆய்வோ, இறந்தவர்களில் மிகச் சிலருக்கே மனச்சோர்வு நோய் இருந்ததாகச் சொன்னது. எது சரி என்று தீர்ப்புச் சொல்வதைவிட, இரண்டும் எதைப் பார்த்தன, எதைப் பார்க்க முடியாமல் போயின என்று கேட்பதுதான் நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் இருக்கும் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்று கருதுகிறேன்.

கணக்கு எடுத்த விதம்

கணியம்பாடி, வேலூர் நகருக்குத் தெற்கே, கண்ணமங்கலம் வழியாகத் திருவண்ணாமலை செல்லும் சாலையில் இருக்கிறது. ஆய்வுக் காலத்தில் ஒன்றியத்தின் மக்கள்தொகை சுமார் 1,08,000. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இங்கே பல பத்தாண்டுகளாகச் சமுதாய மருத்துவப் பணி செய்துவருகிறது. ஊருக்குள்ளேயே வாழும் பெண்கள் பகுதிநேரச் சுகாதாரப் பணியாளர்களாக இருக்கிறார்கள். அவர்களுக்கு மேல் சுகாதார உதவியாளர், செவிலியர், மருத்துவர் என்று அடுக்கு உண்டு. யார் வீட்டில் பிரசவம், யார் வீட்டில் சாவு என்பதெல்லாம் இவர்கள் வழியாகவே பதிவேட்டுக்கு வந்து, மேலே இருப்பவர்களால் சரிபார்க்கப்படுகிறது.

ஒரு மரணம் நேர்ந்தால் அதன் காரணத்தை அறிய இவர்கள் கையாள்வது வாய்மொழி விசாரணை. இறந்தவரின் வீட்டாரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் உட்கார்ந்து, கடைசி நாட்களில் என்ன நடந்தது, உடம்புக்கு என்ன, எங்கே காட்டினார்கள் என்று கேட்டு எழுதுவது. காவல்நிலையத்தில் பதிவாவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. காவல்துறைக்குத் தெரிந்தால் பிரேதப் பரிசோதனை உண்டு; பெண் திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் இறந்திருந்தால் கோட்டாட்சியர் விசாரணையும் உண்டு. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்மீது இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவில் வழக்குப் போடும் வாய்ப்பு அன்று இருந்தது. இவற்றோடு, வீட்டில் இன்னொரு பெண் கல்யாணத்துக்கு இருக்கிறாள் என்ற கவலையும் சேரும்போது, குடும்பம் சொல்லும் காரணம் மாறிவிடுகிறது. ஊர்க்காரப் பெண்ணிடம் மறைப்பது கடினம். அவருக்கு முன்பே தெரிந்திருக்கும்.

தமிழ்ச் செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் பழக்கமான ஒரு வரி இருக்கிறது: தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்தவர், மனமுடைந்து இறந்தார் என்று முடியும் வரி. காவல் நிலையத்தில் குடும்பத்தார் சொன்னதுதான் அப்படியே அச்சில் வருகிறது. பல நேரம் அது ஒரு மறைப்பு. காதல், வரதட்சணை, அடி, தேர்வுத் தோல்வி, குடித்துவிட்டு வரும் அப்பா என்று வெளியே சொல்ல முடியாத ஒன்றின் மேல் போர்த்தப்படும் துணி. ஆனால் எல்லா நேரமும் அப்படியா என்ற ஐயம் எனக்கு உண்டு. மனச்சோர்வில் இருக்கும் வளரிளம் பருவத்தினர் மருத்துவரிடம் முதலில் கொண்டுவரும் புகார்களில் தலைவலியும் வயிற்று வலியும் முக்கியமானவை. அந்தப் பொய்யான வரிக்குள் சில பிள்ளைகளைப் பொறுத்தவரை ஓர் உண்மையும் இருந்திருக்கக்கூடும்: வலி இருந்தது, யாரும் அதன் மூலத்தைத் தேடவில்லை.

இதே ஒன்றியத்தில் 1994 முதல் 1999 வரை எல்லா வயதினரையும் எடுத்துக்கொண்டு ஆபிரகாம் ஜோசப் குழுவினர் செய்த கணக்கு, லட்சத்துக்குச் சுமார் 95 என்ற விகிதத்தைக் காட்டியது. அது தேசியச் சராசரியைப் போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு. ஓர் ஒன்றியத்தின் தனிச்சிறப்பு என்று இதைத் தள்ளிவிட முடியாது. வாய்மொழி விசாரணையையே பயன்படுத்தி நாடு முழுவதும் நடந்த மரண ஆய்வின் முடிவுகள் 2012இல் ‘லான்செட்’ இதழில் வந்தபோது, 2010ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சுமார் 1,87,000 பேர் தற்கொலையால் இறந்திருப்பார்கள் என்ற மதிப்பீடு கிடைத்தது. காவல்துறைக் கணக்கைவிட அது வெகுவாகக் கூடுதல். இறந்த பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 15 முதல் 29 வயதுக்குள் இருந்தவர்கள். தென் மாநிலங்களில் விகிதம் உயர்ந்திருந்தது.

பெண் பிள்ளைகள் ஏன் அதிகம்

உலகின் பெரும்பாலான நாடுகளில் தற்கொலையால் இறப்பவர்களில் ஆண்களே அதிகம். தற்கொலைக்கு முயல்பவர்களில் பெண்கள் அதிகம். கணியம்பாடியில் இறப்பிலும் பெண் பிள்ளைகள் இரண்டரை மடங்கு முந்தியிருந்தார்கள். பூப்பெய்திய பின் பெண்களில் மனச்சோர்வு, ஆண்களைப் போல ஏறத்தாழ இரு மடங்கு ஆகிறது என்பது பல நாடுகளில் உறுதிப்பட்ட செய்தி. அது ஒரு காரணம். ஆனால் அது எல்லா நாட்டிலும் இருக்கும் காரணம். அதனால் மட்டும் இந்த வேறுபாட்டை விளக்க முடியாது.

வேறுபாடு, முயற்சிக்கும் மரணத்துக்கும் இடையில் இருக்கும் தூரத்தில் இருக்கிறது. நகரத்தில் ஒரு பெண் பிள்ளை மனமுடைந்து எடுக்கும் விபரீத முடிவு பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ப்பதோடு முடிந்து, அவள் பிழைத்து வந்து, வாழ்க்கையைத் தொடர்கிறாள். விவசாயக் கிராமத்தில் உயிரைப் பறிக்கக்கூடிய பொருள் வீட்டிலேயே கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. தகுந்த சிகிச்சை தரும் மருத்துவமனை பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதே மனநிலை, அதே சில நிமிடத் தடுமாற்றம். ஓரிடத்தில் அது ஓர் எச்சரிக்கையாக முடிகிறது, இன்னோரிடத்தில் மரணமாக முடிகிறது. இப்படிப்பட்ட முயற்சிகளில் கணிசமானவை நீண்ட நாள் திட்டமிடாமல், ஒரு சண்டைக்கோ வசவுக்கோ பின் சிறிது நேரத்திலேயே நிகழ்பவை. இறந்தவர்கள் எல்லோரும் சாக வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் அல்லர் என்பதை இந்த எண்களைப் படிக்கும்போது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதோடு பள்ளியை விட்டு நிறுத்தப்படுவது, வெளியே போகத் தடை, பதினெட்டு நிறையும் முன்பே பேசப்படும் கல்யாணம், புகுந்த வீட்டில் தனக்கென ஒருவரும் இல்லாத நிலை ஆகியவையும் இருக்கின்றன. ஒரு பெண் பிள்ளையின் துயரம் எங்கே நோய், எங்கே நியாயமான வேதனை என்று கோடு கிழிப்பது இந்தச் சூழலில் எளிதல்ல.

இரண்டு சதவீதம் எழுப்பும் கேள்வி

1980களிலும் 1990களிலும் அமெரிக்காவில் டேவிட் பிரென்ட், டேவிட் ஷாஃபர் ஆகியோர் தனித்தனியே நடத்திய ஆய்வுகள், தற்கொலையால் இறந்த இளையோரின் பெற்றோர், நண்பர், ஆசிரியர் ஆகியோரிடம் விரிவாகப் பேசி, இறந்தவரின் கடைசி மாதங்களின் மனநிலையைப் பின்னோக்கி ஆராய்ந்தன. பத்தில் ஒன்பது பேருக்கு ஏதோ ஒரு மனநோய் இருந்தது என்றும், அவற்றுள் மனச்சோர்வு போன்ற மனநிலைக் கோளாறுகளே முதன்மை என்றும் அவை கண்டன. சென்னையில் லட்சுமி விஜயகுமாரும் எஸ். ராஜ்குமாரும் இறந்த 100 பேரைக் கொண்டு செய்து 1999இல் வெளியிட்ட ஆய்விலும் 88 சதவீதத்தினருக்கு மனநோய் இருந்ததாகத் தெரிந்தது.

கணியம்பாடியில் மனோரஞ்சிதம், கே.எஸ். ஜேக்கப் முதலியோர் இதே போன்ற முறையில், இறந்த 100 பேரையும் ஒப்பீட்டுக்கு 100 பேரையும் எடுத்து ஆராய்ந்து 2010இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மனநோய் இருந்தவர்கள் 37 சதவீதம். அதிலும் மது அடிமைத்தனம் 16 சதவீதம். வாழ்க்கை நெருக்கடிக்கு ஈடுகொடுக்க முடியாமல் தோன்றும் தகவமைப்புக் கோளாறு 15 சதவீதம். தீவிர மனச்சோர்வு வெறும் 2 சதவீதம். இறந்தவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியவற்றில் முக்கியமானவை தொடரும் நெருக்கடிகளும் நாள்பட்ட உடல் வலியும். இது எல்லா வயதினரையும் உள்ளடக்கிய ஆய்வு என்பதால் வளரிளம் பருவத்துக்கு நேராகப் பொருத்திவிடக் கூடாது. ஆனாலும் அதே ஒன்றியம், அதே சமூகம்.

இந்த 2 சதவீதத்தை இரண்டு விதமாகப் படிக்கலாம். ஆய்வாளர்கள் படித்த விதம்: இங்கே தற்கொலை என்பது முதன்மையாக மருத்துவப் பிரச்சினை அல்ல, வறுமை, கடன், குடும்ப வன்முறை, பெண்களின் நிலை ஆகிய சமூகக் காரணங்களின் விளைவு, ஆகவே ஒவ்வொருவராகக் கண்டுபிடித்து மாத்திரை கொடுப்பதைவிட மக்கள் முழுமைக்குமான திட்டங்களே உயிர்களைக் காக்கும். ஜேக்கப் இதைப் பல கட்டுரைகளில் வலியுறுத்தியிருக்கிறார், அவர் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன்.

இன்னொரு விதமாகவும் படிக்கலாம். இறந்தவரிடம் யாரும் கேட்க முடியாது. வீட்டார் கவனித்ததைத்தான் கேட்க முடியும். தூக்கம் வராமல் விடிய விடியக் கிடந்தாள் என்பது ஒரே அறையில் படுக்கும் அக்காவுக்குத் தெரிந்திருக்கும். எதிலும் பிடிப்பில்லை, தான் எல்லோருக்கும் பாரம் என்ற எண்ணம் மனதில் ஓடிக்கொண்டிருந்தது என்பது யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் அதைச் சொல்லவில்லை, சொல்லும் பழக்கம் அந்த வீட்டில் இல்லை. துயரத்தை மனநிலையாகச் சொல்லாமல் உடம்பின் வலியாகச் சொல்லும் சமூகத்தில், மனநிலையைப் பற்றிய கேள்விகளுக்கு ‘இல்லை’ என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். நாள்பட்ட வலி ஓர் அபாயக் காரணியாக அதே ஆய்வில் வெளிப்பட்டதை இதோடு சேர்த்துப் பார்க்கும்போது, தகவமைப்புக் கோளாறு என்றும் வலி என்றும் பதிவானவர்களில் ஒரு பகுதியினர் கண்டறியப்படாத மனச்சோர்வில் இருந்திருக்கலாம் என்பது என் வாசிப்பு. இது ஆய்வு நிறுவிய முடிவு அல்ல.

இரண்டு வாசிப்புகளும் ஒன்றையொன்று மறுப்பதாக நான் நினைக்கவில்லை. மனச்சோர்வு மாதக்கணக்கில் மெல்ல நிலத்தை அரிக்கிறது. ஒரு நாள் விழும் வசவோ தேர்வு முடிவோ முறிந்த உறவோ அந்த இடத்தில் கால் வைக்கிறது. திடமான நிலத்தில் நிற்கும் பிள்ளைக்கு அதே வசவு ஓர் இரவு அழுகையோடு போய்விடும். மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1985இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது: தற்கொலை எண்ணங்களோடு மருத்துவமனையில் சேர்ந்த 207 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், பின்னாளில் யார் தற்கொலையால் இறப்பார்கள் என்பதை மனச்சோர்வின் அளவைவிட, எதிர்காலம் பற்றிய நம்பிக்கையின்மையின் அளவே நன்றாகக் காட்டியது. மனச்சோர்வில் இருக்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் தற்கொலையால் இறப்பதில்லை. நோய் என்ற பெயர் மட்டும் ஆபத்தைச் சொல்லிவிடாது. ‘இனி எதுவும் மாறப்போவதில்லை’ என்று அந்தப் பிள்ளை நம்பத் தொடங்கியிருக்கிறதா என்பதைக் கேட்டறிய வேண்டும்.

வீட்டில் அது எப்படித் தெரிகிறது

மனநோய் வகைப்பாட்டு நூலான டி.எஸ்.எம், குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறது. பெரியவர்களுக்குச் சோகமான மனநிலை ஒரு முதன்மை அறிகுறி. இந்த வயதினருக்கு அதற்குப் பதிலாக எரிச்சலே போதும். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் எரிச்சல், பிடித்தவற்றில் நாட்டமின்மை, தூக்க மாற்றம், சோர்வு, கவனம் சிதறுதல், தன்னைத் தானே குற்றம் சொல்லிக்கொள்வது, சாவைப் பற்றிய நினைவு ஆகியவற்றில் பல ஒன்றுசேரும்போது அது மனச்சோர்வு. ஆனால் எரிச்சலைத்தான் நம் வீடுகள் கொஞ்சமும் பொறுத்துக்கொள்வதில்லை. அழுகிற பிள்ளையை அணைத்துக்கொள்ளும் அதே தாய், எதிர்த்துப் பேசும் பிள்ளையைத் திமிர் பிடித்தது என்கிறார். காலையில் எழ முடியாதவனைச் சோம்பேறி என்கிறார்கள். படிப்பில் பின்தங்கியவளிடமிருந்து கைபேசியைப் பிடுங்கி வைக்கிறார்கள். நோயின் அறிகுறிகளுக்கே தண்டனை கிடைக்கும்போது, தான் எதற்கும் உதவாதவள் என்று உள்ளே சொல்லிக்கொண்டிருக்கும் குரலுக்கு வெளியிலிருந்தும் சாட்சி கிடைத்துவிடுகிறது.

ஆரம்ப சுகாதார நிலையத்திலோ புறநோயாளர் பிரிவிலோ இது எப்படி வந்து நிற்கும் என்பதை, எந்த ஒரு தனிநபரையும் குறிக்காமல், பொதுவாகக் காணப்படும் தன்மைகளைக் கொண்டு சொல்லலாம். பிளஸ் ஒன் படிக்கும் பெண்ணை அம்மா அழைத்து வருகிறார். “எத்தனையோ தடவை காட்டிட்டோம் டாக்டர், ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. ஸ்கூலுக்குப் போற நாள்லதான் வயிறு வலிக்குது இவளுக்கு. எதைக் கேட்டாலும் வள்ளுன்னு விழுறா.” பெண் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கூட்டம் அதிகமான நாளில் வலி மாத்திரையும் சத்து மாத்திரையும் எழுதிக்கொடுத்து அனுப்புவது எளிது. வழக்கத்தில் நடப்பதும் அதுதான்.

வேறு விதமாகவும் நடக்கலாம். அம்மாவைச் சிறிது நேரம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, வலியிலிருந்தே தொடங்கி, ராத்திரி தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, முன்பு பிடித்தது இப்போதும் பிடிக்கிறதா என்று மருத்துவர் கேட்டுக்கொண்டு போகிறார். பிறகு சுற்றி வளைக்காமல் கேட்கிறார்: “ரொம்ப நாளா இப்படி மனசு கஷ்டமா இருக்கிறவங்க சில பேருக்கு, உயிரோட இருந்து என்னன்னு தோணும். உனக்கு எப்பவாவது அப்படித் தோணியிருக்காம்மா?” பெண் தலையசைத்துவிட்டு, அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சுவாள். அதற்கு ஒப்புக்கொள்ளக் கூடாது, மிரட்டவும் கூடாது. “மத்ததெல்லாம் நமக்குள்ள இருக்கட்டும். உன் உயிருக்கு ஆபத்துன்ற விஷயத்தை மட்டும் அம்மாகிட்ட நாம ரெண்டு பேருமா சேர்ந்து சொல்லலாம்.” எப்போது தோன்றியது, எப்படி என்று யோசித்ததுண்டா, முன்பு எப்போதாவது முயன்றதுண்டா, வீட்டில் ஆபத்தான பொருள் இருக்கிறதா, தன்னைத் தடுத்து நிறுத்தும் ஆள் யார் என்ற கேள்விகள் அடுத்து வரும். முன்பே ஒரு முறை முயன்றிருப்பது, பின்னர் வரும் ஆபத்துக்கு மிக வலுவான அடையாளம்.

இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை மனதில் விதைத்துவிடுவோமோ என்று பெற்றோரும் ஆசிரியரும், சில மருத்துவர்களுமே அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை மேடலின் கூல்ட் குழுவினர் நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளின் 2,342 மாணவர்களிடம் சோதித்து, 2005இல் முடிவை வெளியிட்டார்கள். தற்கொலை பற்றிக் கேட்கப்பட்டவர்களுக்கும் கேட்கப்படாதவர்களுக்கும் இரண்டு நாட்களுக்குப் பின் மன வேதனையில் வேறுபாடு இல்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்குக் கேட்கப்பட்டதால் வேதனை கூடவில்லை, சற்றே குறைந்திருந்தது.

சிகிச்சை

மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு, அது பலன் தருகிறது. அமெரிக்காவில் 12 முதல் 17 வயது வரையிலான 439 பேரைக் கொண்டு நடந்த டாட்ஸ் ஆய்வில் (2004), பன்னிரண்டு வாரங்களில் ஃப்ளூவாக்சடின் என்ற மனச்சோர்வு மருந்தும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சை எனப்படும் பேச்சுச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் 71 சதவீதத்தினர் நன்கு முன்னேறினார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் ஏறத்தாழ 61, பேச்சுச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 43, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தரப்படும், மருந்தில்லாத வெற்று மாத்திரை பெற்றவர்களில் 35 சதவீதம். சேரும்போது 29 சதவீதத்தினருக்குக் கவலைக்குரிய அளவில் தற்கொலை எண்ணங்கள் இருந்தன. எல்லாப் பிரிவுகளிலும் அவை குறைந்தன.

அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், மனச்சோர்வு மருந்துகள் குழந்தைகளிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் தற்கொலை எண்ணங்களைக் கூட்டக்கூடும் என்று கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கையை அறிவித்தது. 24 மருந்தாய்வுகளை, ஏறத்தாழ 4,400 பேரை அது தொகுத்துப் பார்த்திருந்தது: மருந்து எடுத்தவர்களில் 4 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2 சதவீதத்தினருக்கும் அத்தகைய எண்ணமோ செயலோ தோன்றியது, ஒருவரும் இறக்கவில்லை. இதைக் கேள்விப்பட்டு மாத்திரையைப் பாதியில் நிறுத்துவது ஆபத்தானது. எச்சரிக்கையின் சாரம், தொடங்கிய முதல் சில வாரங்களிலும் அளவை மாற்றும்போதும் பிள்ளையை அருகிலிருந்து கவனித்து, அமைதியின்மை கூடினால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பதுதான். மருந்து முழுப் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். நம் ஊரில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 2015–16 தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதினரில் 7.3 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகச் சொன்னது. இவர்களில் பெரும்பாலோர் ஒரு முறைகூட மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பார்ப்பதில்லை.

நடுவே நேரத்தைக் கொண்டுவருவது

கணியம்பாடி கற்பிக்கும் முதல் செய்தி, அந்த ஆபத்தான நிமிடங்களுக்கும் மரணத்துக்கும் நடுவே நேரத்தையும் தடைகளையும் கொண்டுவந்தால் உயிர்கள் நிற்கும் என்பது. இலங்கையில் 1995இல் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47 வரை உயர்ந்திருந்தது. மிகக் கொடிய நச்சுத்தன்மை கொண்ட வேளாண் மருந்துகளை அந்நாடு படிப்படியாகத் தடை செய்த பின், பத்தாண்டுகளில் அது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. அந்தப் பத்தாண்டுகளில் இலங்கையில் போர் முழுதாக முடிந்துவிடவும் இல்லை. தமிழ்நாட்டில் காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில், விவசாயிகள் அந்த மருந்துகளை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுவான பூட்டிய பெட்டகத்தில் வைக்கும் முறையைச் சென்னை ‘ஸ்நேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய லட்சுமி விஜயகுமார் முன்னின்று சோதித்தார். மக்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

தேர்வு விஷயத்திலும் இதுவே நடந்திருக்கிறது. பொதுத்தேர்வில் தவறியவர்கள் ஓராண்டு காத்திருக்க வேண்டிய நிலையை மாற்றி, சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதி அதே ஆண்டு கல்லூரியில் சேரும் வழியைத் தமிழ்நாடு ஏற்படுத்தியது. 2017இல் மாநில அளவிலான முதலிடப் பட்டியல் அறிவிப்பதும் கைவிடப்பட்டது. பிள்ளையின் முன்னால் மூடியதாகத் தெரிந்த கதவை இந்த மாற்றங்கள் திறந்துவைத்தன. நம்பிக்கையின்மைக்கு இவை நேரடி மருந்து. இருந்தும் 2022இல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. ஐரோப்பாவில் 10 நாடுகளின் 168 பள்ளிகளில், 11,110 மாணவர்களோடு நடந்து 2015இல் வெளியான ஆய்வில், மாணவர்களே மனநலத்தைப் பற்றிப் பேசி, சூழல்களை நடித்துப் பார்த்துக் கற்கும் திட்டம் ஓராண்டில் புதிய தற்கொலை முயற்சிகளை ஏறத்தாழ பாதியாகக் குறைத்தது. நம் பள்ளிகளில் நீதிபோதனை வகுப்பு என்று பெயரளவில் ஒதுக்கி, கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும் அந்த ஒரு மணி நேரமே இதற்குப் போதும்.

சட்டமும் மாறியிருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்று அதன் 115ஆம் பிரிவு சொல்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309ஆம் பிரிவு இடம்பெறவில்லை. வழக்கு வரும் என்று பயந்து, பிழைத்த பிள்ளையின் கதையை வயிற்று வலி என்று மாற்றிச் சொல்ல வேண்டிய தேவை இப்போது இல்லை. உண்மையைச் சொன்னால்தான் சரியான சிகிச்சை கிடைக்கும் என்பதைக் குடும்பங்களுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

பிழைத்து வீடு திரும்பிய பிறகு வரும் வாரங்கள்தான் மிகுந்த கவனம் கேட்பவை. உலக சுகாதார அமைப்பு சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து இடங்களில், முயன்று பிழைத்த 1,867 பேரிடம் ஓர் எளிய முறையைச் சோதித்தது. மருத்துவமனையை விட்டுச் செல்லும் முன் ஒரு மணி நேரம் தனியாகப் பேசுவது. பிறகு 1, 2, 4, 7, 11ஆம் வாரங்களிலும் 4, 6, 12, 18ஆம் மாதங்களிலும் வீட்டுக்குப் போயோ தொலைபேசியிலோ எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரிப்பது. பதினெட்டு மாத முடிவில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதத்தினர் தற்கொலையால் இறந்திருந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதத்தினர். மனநல மருத்துவர் இல்லாத ஒன்றியத்திலும் பயிற்சி பெற்ற கிராமச் செவிலியர் இதைச் செய்ய முடியும். மரணத்துக்குப் பின் வீடு தேடிப் போய் விசாரிக்கும் ஏற்பாடு கணியம்பாடியில் பல ஆண்டுகளாகச் சீராக நடந்திருக்கும்போது, பிழைத்தவரின் வீட்டுக்கு ஒன்பது முறை போய்வரும் ஏற்பாட்டை மற்ற ஒன்றியங்களிலும் உருவாக்க முடியாது என்று சொல்வதற்கில்லை.

இப்போதே உதவி தேவைப்படும் பிள்ளைகளும் பெற்றோரும் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம்: 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட, தொலைபேசி வழி மனநல ஆலோசனை தரும் டெலிமானஸ் சேவையின் கட்டணமில்லா எண் 14416, தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண் 104. தற்கொலை எண்ணம் இருப்பதாக ஒரு பிள்ளை சொன்னால், உதவி வந்து சேரும் வரை அதைத் தனியே விடாமல், ஆபத்தான பொருள்களை அப்புறப்படுத்திவிட்டுப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.